கவுச்சி இல்லாத விருந்து

கத்திரிக்காயின் காம்பை ஒட்டிய பச்சைத் தோலை நகத்தால் தூக்கி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராமநாதபுரம் உழவர் சந்தை. இன்னும் சரியாக விடியவில்லை. கூரைக்கு அடியில் குழல்விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஈரச் சாக்கு வாசமும் கொத்தமல்லி வாசமும் கலந்து வந்தன. கடை போட்டிருந்த அம்மா டீ டம்ளரைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"என்னண்ணே தேடுறீங்க அதுக்குள்ள?"

காயைக் கீழே வைத்துவிட்டேன். 

"கடக்கரை ஆளா? மண்டபமா, தங்கச்சிமடமா?"

"தங்கச்சிமடம்."

"அதான பார்த்தேன். கத்திரிக்காய்க்குச் செவுள் கிடையாதுண்ணே." பக்கத்துக் கடைக்காரரிடம் திரும்பினார். "இங்கன பாருங்க, ஒரு ஆளு கத்திரிக்காய் இன்னிக்குச் செத்ததா நேத்துச் செத்ததான்னு பார்க்கிறாரு."

வரிசை முழுக்கச் சிரித்தது. என் காது சூடாகிவிட்டது. நாலு பேர் நடுவில் பேசுவதென்றாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வேறு நாளாக இருந்தால் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன். அன்றைக்கு முடியாது. என் மகளின் கல்யாணப் பேச்சு அந்தப் பைக்குள் வரப்போகும் காயை நம்பி இருந்தது.

"நல்ல காயாக் குடுங்க" என்றேன். "வீட்டுக்குப் பொண்ணு பார்க்க வாராங்க. தவக்காலத்துல கவுச்சி தொடாதவங்க."

சிரிப்பு நின்றது. அந்த அம்மா டம்ளரை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்தார். "அதை மொதல்லயே சொல்லக் கூடாதாண்ணே?"

அப்பனுக்கு ஊசி, மகனுக்கு வலி

இரண்டு மூன்று வருஷத்துக்கு முந்தைய தவக்காலம் அது.

என் மகள் ஜெனிட்டா ராமநாதபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். ஆர்.எஸ்.மங்கலத்துப் பக்கத்திலிருந்து அருள் என்று ஒரு பையன், தன் அய்யாவுக்குச் சர்க்கரை பார்க்க அங்கே கூட்டி வந்திருக்கிறான். கத்தாரில் கிரேன் ஓட்டுகிறவன், லீவில் வந்தவன். ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் கூட்டி வந்தான். அடுத்த வாரமும் வந்தான். "அப்பனுக்கு ஊசி குத்துனா மகனுக்கு வலிச்சிருக்கு" என்று என் மனைவி ரெஜினா கேலி செய்வாள்.

அவர்களும் எங்களைப் போல மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்தான். ஆனால் அவர்கள் கண்மாய்த் தண்ணியில் நெல் போடுகிறவர்கள், நாங்கள் கடலில் வலை போடுகிறவர்கள். இரண்டு பக்கமும் பெண் கொடுத்து எடுத்த வழக்கம் இல்லை. பையனின் அம்மா சவரியம்மாளுக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. அவர் தவக்காலம் முழுக்கக் கவுச்சி தொடுவதில்லை, வீட்டில் யாரையும் தொட விடுவதும் இல்லை. நாங்கள் கறியை விடுவோம், மீனை விடுவதில்லை. மீனை விட்டால் எங்களுக்குச் சோறு இறங்காது.

தவக்காலத்தில் யாரும் சம்பந்தம் பேச மாட்டார்கள். பையனின் லீவு ஈஸ்டருக்கு முன்னாலேயே முடிகிறது என்பதால் ஒருவழியாக வரச் சம்மதித்தார்கள். சொல்லி அனுப்பிய விதம் இப்படி: "சும்மா வீட்டைப் பார்த்துட்டுப் போயிருவோம். கை நனைக்க மாட்டோம்."

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். சாப்பிடாமல் எழுந்தால் அது முடிந்த பேச்சு. வெளியே வந்து யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

"ஒரு வாய் சாப்பிடாமப் போயிட்டா நம்ம புள்ளைக்கு அம்புட்டுத்தான்" என்றாள் ரெஜினா.

"சாப்பிடுவாங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"நான் சமைக்கிறேன்."

ரெஜினா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பேச்சில்தான் எனக்குக் கூச்சம். அடுப்புக்கு முன்னால் எனக்குக் கூச்சம் கிடையாது.

ஆடுகிற அடுப்பு

எட்டாம் வகுப்போடு படகேறினேன். விசைப்படகில் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு வேலை. சத்தம் போடுகிறவன் வலை இழுக்கும்போது முன்னால் நிற்பான். கதை சொல்கிறவனை டிரைவர் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார், தூக்கம் வராமல் இருக்க. எதுவும் பேசாதவனை அடுப்பில் உட்கார வைத்துவிடுவார்கள். நான் அடுப்புக்கு வந்தது அப்படித்தான்.

படகு ஆடும்போது சமைப்பது ஒரு தனிப் பழக்கம். சட்டி ஒரு பக்கம் சாயும்போது நாமும் சாய வேண்டும். வெங்காயத்தைக் கையில் வைத்தே அரிய வேண்டும். உப்பை அளந்து போட நேரம் இருக்காது, கையே அளவு. பதினைந்து இருபது வருஷம் அப்படிச் சமைத்தவனுக்கு ஆடாத அடுப்பு விளையாட்டு மாதிரி. தோள்பட்டை போய்க் கரையில் தங்கிய பிறகு வீட்டுச் சமையல் என் கைக்கு வந்துவிட்டது. ரெஜினா கருவாட்டுக் கடைக்குப் போனாள், நான் சட்டியைப் பிடித்தேன். தெருவில் சில பேர் சிரித்தார்கள். சாப்பிட்டுப் பார்த்த யாரும் சிரித்ததில்லை.

மாதம் ஒரு காய்

காய்கறிப் பக்கம் என்னைத் திருப்பியது மீன்பிடித் தடைக்காலம். கோடையில் இரண்டு மாதம் படகு கரையில் கட்டிக் கிடக்கும். தங்கச்சிமடம் இருக்கிற எங்கள் தீவு மணலில் தென்னை நிற்கும், முருங்கை நிற்கும், மற்றதெல்லாம் பாலம் தாண்டித்தான் வர வேண்டும். லாரியில் வந்து இறங்கும்போது பாதி வாடியிருக்கும். அதை வாங்கிச் சமைத்துவிட்டு, காய்கறி என்றாலே இவ்வளவுதான் என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

ஒரு தடைக்காலத்தில் வேறு வேலையாக ராமநாதபுரம் போனவன், அங்கே கூடையில் இருந்த வெள்ளரிக்காயை வாங்கி நின்ற இடத்திலேயே கடித்தேன். பனி மாதிரி இருந்தது. கையில் மண் ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து எனக்கு அந்தச் சந்தை பழக்கமாயிற்று.

மீனுக்குக் காலம் இருப்பது போலக் காய்க்கும் காலம் இருக்கிறது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஐப்பசி மழைக்குப் பிறகு அதலைக்காய் வரும். விரல்நுனி அளவுதான் இருக்கும், பாகற்காய்க்குத் தங்கச்சி போல. வாங்கிய அன்றே சமைத்துவிட வேண்டும். விட்டால் பைக்குள்ளேயே வெடித்துவிடும். சின்ன வெங்காயத்தோடு எண்ணெயில் சுருள வதக்கினால் கசப்பு ஓரமாக ஒதுங்கி நின்று, கடைசி வாயில் மட்டும் எட்டிப் பார்க்கும். தையில் மொச்சைக்காய். உரிக்க உரிக்க விரல் பச்சையாகும். சித்திரையில் வெள்ளரி. அந்தந்த மாதத்துக் காயை அந்தந்த மாதத்தில் தின்றால் மசாலாவே கேட்காது. எண்ணெயும் உப்பும் போதும்.

மாசி பங்குனி என்றால் முருங்கைக்காய், நாட்டுக் கத்திரிக்காய், மாங்காய். இந்த மூன்றும் ஒரே சட்டியில் சேருகிற காலம் வருஷத்தில் கொஞ்ச நாள்தான். சவரியம்மாள் குடும்பம் வந்தது சரியாக அந்த நாட்களில்.

இங்கன ஏலம் கிடையாது

அந்தச் சந்தைக் காலைக்குத் திரும்புகிறேன்.

கடைக்கார அம்மா சாக்குக்கு அடியிலிருந்து வேறு கத்திரிக்காயை எடுத்துப் போட்டார். வரி வரியாக ஊதாக் கோடு, தொட்டால் கீச்சென்று சத்தம் வந்தது. மேலே பனி இன்னும் காயவில்லை. முருங்கைக்காயை நான் கையில் எடுத்து முறுக்கிப் பார்த்தேன். வளைந்தது, ஒடியவில்லை. மாங்காயில் காம்புப் பால் இன்னும் பிசுபிசுவென்று இருந்தது.

"இருக்கிறது பூராவும் குடுத்துருங்க" என்றேன்.

"பூராவுமா? எத்தனை பேரு வாராங்க?"

"மூணு பேரு."

"மூணு பேருக்கு ஒரு கூடை கத்திரிக்காயா?"

கடற்கரையில் மீனைக் கூறு போட்டு ஏலம் விடுவார்கள். பிடித்த கூறு என்றால் மொத்தமாக எடுக்க வேண்டும், பாதி என்று அங்கே கிடையாது. எனக்கு அந்தக் கை.

"இங்கன ஏலம் கிடையாதுண்ணே. கிலோக் கணக்குதான்" என்றார். ஆனாலும் நான் கேட்டதில் பெரும்பகுதியை அள்ளிக் கொடுத்தார். ஒரு கட்டுக் கீரையைக் கொசுறாக மேலே வைத்து, "பொண்ணுக்கு முடியட்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பு மூட்டினேன். சீனியவரைக்காயைப் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூ தூவிப் பொரியல். மஞ்சள் பூசணிக்குப் பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு. கீரையைக் கடைந்தேன். குழம்புக்கு மட்டும் மண்சட்டியை எடுத்தேன். மண்சட்டியில் வைக்காத புளிக்குழம்பை நான் குழம்பு என்று ஒத்துக்கொள்வதில்லை. சட்டியை முந்தின நாளே புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்திருந்தேன்.

வெந்தயம் சிவந்தது. சின்ன வெங்காயம், தட்டிய பூண்டு, நம்ம ஊர் குண்டு மிளகாய் அரைத்த விழுது. கத்திரிக்காயும் முருங்கைக்காயும் வெந்து எண்ணெய் மேலே மிதந்ததும் மாங்காயைப் போட்டு இறக்கினேன். ரெஜினா கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"இதைச் சாப்பிடாமப் போனா அவங்களுக்கு நாக்கு இல்லைன்னு அர்த்தம்" என்றாள்.

பாலத்துக்கு நடுவிலா?

மதியம் வந்தார்கள். சவரியம்மாள், அவர் வீட்டுக்காரர், அருள். சவரியம்மாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார், எழுந்து போகிறவர் மாதிரியே. காபி வேண்டாம் என்றார், தண்ணீர் மட்டும் குடித்தார். ஜெனிட்டா கதவோரம் நின்றாள். அருள் தரையைப் பார்த்தான். ரெஜினா மட்டும் மழை, வெயில், பஸ் கூட்டம் என்று எதையாவது பேசிக்கொண்டிருந்தாள். 

அப்போது அருளின் அய்யா மெதுவாகச் சொன்னார். "சர்க்கரை மாத்திரை போட்டு ரொம்ப நேரமாச்சு சவரி. கண்ணைக் கட்டுது."

"வழியில சாப்பிட்டுக்கலாம்."

"வழின்னா எங்க? பாலத்துக்கு நடுவுலயா?"

அருள் சிரிப்பை அடக்கினான். சவரியம்மாள் யோசித்தார். "சரி, நீங்க மட்டும் சாப்பிடுங்க. மருந்துக்குச் சாப்பிடுறது கை நனைக்கிறதுல சேராது."

அவர் சொல்லி முடிப்பதற்குள் ரெஜினா இலை போட்டுவிட்டாள்.

பொரியலும் கூட்டும் கீரையும் வைத்தேன். சோற்றின் நடுவில் குழி செய்து குழம்பை ஊற்றினேன். அவர் பிசைந்து முதல் உருண்டையைத் தூக்கினார். சவரியம்மாள் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நில்லுங்க."

குனிந்து இலையை மோந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இதுல கருவாடு போட்டீங்களா?"

"ஐயோ, இல்லைங்க" என்றாள் ரெஜினா.

"ருசிக்குன்னு கருவாட்டுத் தண்ணியாவது விட்டீங்களா? எனக்கு மூக்கு இருக்கு. இன்னது சேர்க்க மாட்டோம்னு சொல்லித்தான அனுப்புனோம்?" எழுந்துவிட்டார். "கிளம்புங்க. இந்த நாள்ல இப்படிச் செய்யுற வீட்டுல என்ன பேச்சு?"

"அம்மா, உட்காருங்கம்மா" என்றான் அருள். அவர் அவன் பக்கம் திரும்பவில்லை. ஜெனிட்டாவின் விரல்கள் கதவைப் பிடித்திருந்தன.

நான் கரண்டியை மூக்குக்குக் கொண்டுபோனேன். மாங்காய் மணத்தது, வெந்தயம் மணத்தது, வேறு எதுவும் இல்லை. ரெஜினாவிடம் நீட்டினேன். அவளும் உதட்டைப் பிதுக்கினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் மூக்குக்கு அது தெரியவே தெரியாது. அது எங்கள் வீட்டுக் காற்று.

குழம்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு வெறும் சட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினேன்.

"இதை மோந்து பாருங்கம்மா."

மோந்தார். தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இது மீன்சட்டி. எங்க வீட்டுல மண்சட்டின்னா அம்புட்டும் மீன்சட்டிதான். கழுவுனா போயிரும்னு நினைச்சேன். மண்ணுக்குள்ள ஊறினது போகலை, எங்களுக்கு அது தெரியவும் இல்லை. குழம்புல காயைத் தவிர எதுவும் சேர்க்கலைம்மா."

புது ஆட்கள் முன்னால் அத்தனை வார்த்தை நான் பேசியதே இல்லை. இலைக்கு முன்னால் உருண்டையோடு உட்கார்ந்திருந்த அருளின் அய்யா கேட்டார்.

"சவரி, நான் இதை என்ன செய்ய?"

"கீழ போடுங்க. கையைக் கழுவுங்க."

"அப்பச் சோறு?"

ரெஜினா ஓடிப்போய் இரண்டு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அரை மணி நேரம் இருங்கம்மா" என்றேன். "காய் நிறையக் கிடக்கு. பால் காய்ச்சுற பாத்திரத்துல புதுசா வைக்கிறேன். நம்பிக்கை இல்லைன்னா கூடவே நின்னு பாருங்க."

ரெஜினா என்னைக் கண்ணால் அதட்டினாள். நான் பார்க்காதது போல அடுப்படிக்குள் போனேன். சவரியம்மாள் பின்னாலேயே வந்தார்.

அரை மணி நேரம்

நம்பி வரவில்லை, காவலுக்கு வந்தார். அது எனக்குத் தெரியும். அதனால் ஒரு வருத்தமும் இல்லை. படகில் எத்தனையோ பசித்த கண்கள் முன்னால் சமைத்தவன் நான்.

கரண்டியையும் கத்தியையும் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். அவர் கூடையைப் பார்த்தார். ஒரு கத்திரிக்காயை எடுத்து அழுத்திப் பார்த்தார்.

"யாரு வாங்குனது?"

"நான்தான்மா. உழவர் சந்தையில."

"நல்ல காய். அதுக்குன்னு இம்புட்டா?"

"பிடிச்ச கூறுன்னா அள்ளிருவேன்மா. கடக்கரைப் பழக்கம்."

காயைத் தண்ணீரில் நறுக்கிப் போட்டேன். எண்ணெய் காய்ந்தது. பூண்டைத் தட்டினேன்.

"தட்டியா போடுவீங்க? நாங்க முழுசாப் போடுவோம்."

"ஆடுற போட்டுல முழுசு முழுசா உரிச்சுக்கிட்டு உட்கார முடியாதும்மா. தட்டினா தோலு தானா வந்துரும்."

"போட்டுல நீங்கதான் சமையலா?"

"ஆமாம்மா. எனக்குப் பேச வராது. பேசாதவனை அடுப்புல உட்கார வச்சிருவாங்க."

வெங்காயத்தைப் போட்டு வதக்கினேன். அப்புறம் அவர் சொன்னார், பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே. "எங்க வீட்டுலயும் ஒருத்தன் அப்படித்தான். கேட்டாத்தான் பேசுவான். உங்க மகளைப் பத்தி மட்டும் கேக்காமலே பேசுனான்."

நான் மாங்காயைக் கையில் எடுத்தேன்.

"இப்பவே போடாதீங்க" என்றார்.

"போடலைம்மா. முருங்கைக்காய் வெந்து, எண்ணெய் மிதக்கட்டும்."

"ம்."

அந்த 'ம்' எனக்குப் போதுமாக இருந்தது. ஒரே மாதிரி சமைக்கிற இரண்டு பேர் நாங்கள். நடுவில் ஒரு சட்டிதான் குறுக்கே வந்திருக்கிறது.

இறக்கியதும் அவரே குனிந்து மோந்தார். பிறகு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "வாங்க, வந்து உட்காருங்க."

அருளின் அய்யா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முருங்கைக்காய்ச் சக்கை இலையோரத்தில் குவிந்தது. மாங்காய்க் கொட்டையைச் சப்பி, வெளியே எடுத்துப் பார்த்து, திரும்பவும் வாயில் போட்டுக்கொண்டார். சவரியம்மாள் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். அருள் அம்மாவைப் பார்த்தான், இலையைப் பார்த்தான், திரும்ப அம்மாவைப் பார்த்தான்.

"நீ என்னத்தப் பார்க்கிற? உட்காரு" என்றார் அவனிடம். பிறகு ரெஜினாவிடம், குரலை மாற்றாமல், "எனக்கும் ஒரு இலை போடுங்க" என்றார்.

ரெஜினா இலையைத் திருப்பிப் போட்டுவிட்டு, பதறிச் சரிசெய்தாள்.

அவர் நிதானமாகச் சாப்பிட்டார். பொரியலை முடித்துவிட்டுத்தான் குழம்புக்கு வந்தார். கத்திரிக்காயை விரலால் நசுக்கினார். விதையே தெரியாமல் வெண்ணெயாகப் பரவியது. அதைச் சோற்றில் பூசி ஒரு வாய் வைத்தார். இரண்டாவது வாய். மூன்றாவதுக்குப் பிறகு, "உப்பு ஒரு கல்லு கூட" என்றார். "கடக்கரைக் கை." நான் தலையாட்டினேன். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார்.

கிளம்பும்போது நடையில் நின்று திரும்பினார். "அண்ணே, மூத்தவனும் அவன் பொண்டாட்டியும் வீட்டுல இருக்காங்க. ஒரு தூக்குல கொஞ்சம் குழம்பு ஊத்திக் குடுங்க. அவங்களும் சாப்பிட்டுட்டா நாளைக்கு யாரும் ஒரு சொல்லு சொல்ல முடியாது."

அதுவரை என்னை அவர் எந்த முறை வைத்தும் கூப்பிடவில்லை. பாத்திரத்தைத் தேட நான் உள்ளே திரும்பும்போதே ஜெனிட்டா அடுப்படிக்குள் போய்விட்டாள். அவள் மதியச் சாப்பாட்டுக்கு வேலைக்குக் கொண்டுபோகும் சின்னத் தூக்குவாளியை எடுத்தாள். அதில் அவள் ஒருநாளும் மீன் கொண்டுபோனதில்லை, கூட வேலை பார்க்கிறவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள் என்று. குழம்பை ஊற்றி, விளிம்பைத் துணியால் துடைத்து, மூடியை அழுத்திப் பார்த்து எடுத்துவந்தாள்.

அன்று முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. தூக்கை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"அத்தை, மூடி கொஞ்சம் லூசு. சாஞ்சிராமப் பிடிங்க."

கூடத்தில் இருந்த எல்லாரும் அதைக் கேட்டோம். அருள் செருப்பு மாட்டுவதை நிறுத்திவிட்டான். சவரியம்மாள் தூக்கை வாங்கினார். அவளைப் பார்க்கவில்லை, மூடியைத்தான் ஆட்டிப் பார்த்தார்.

"தெரியுதுடி" என்றார். "பஸ்ல மடியிலயே வச்சுக்கிறேன்."